வலது கையைப் பழக்கப் போன இடம்: ஜிப்சி ஜாஸ் பயணக் குறிப்புகள்

புதன், பாரிஸ்

விமானம் இறங்கிய அலுப்போடு முதலில் போய் நின்றது இசை அருங்காட்சியகத்தில். போர்த் த பாந்தேன் மெட்ரோவில் இறங்கி மேலே ஏறினால் பக்கத்திலேயே இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை, போகிறவர்கள் கவனிக்கவும். உள்ளே ஸ்ட்ராடிவாரியஸ் வயலின்கள் எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தாண்டிப் போனேன். எனக்கு வேண்டியது செல்மர் 503.

1940-இல் செய்த கிட்டார். ஜாங்கோ ரைன்ஹார்ட் கடைசிக் காலம் வரை வாசித்தது. அவர் மனைவி நாகீன் 1964-இல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கும்போது முதலில் உறைப்பது அதன் சின்ன வாய்தான். முட்டை வடிவில், ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு துளை, அவ்வளவே. நாம் கடைகளில் பார்க்கும் கிட்டாரின் அகன்ற வட்டத் துளை இதில் கிடையாது. கம்பிகள் பிரிட்ஜில் (அவற்றைத் தாங்கும் மரத்துண்டு) முடியாமல் அதைத் தாண்டி, வயலினில் போல அடியில் உள்ள உலோகத் தகட்டில் மாட்டப்பட்டிருக்கின்றன. பிரிட்ஜ் ஒட்டப்படவில்லை, கம்பியின் அழுத்தத்தில் நிற்கிறது. மைக் இல்லாத நடன அரங்கில், அக்கார்டியனுக்கும் வயலினுக்கும் நடுவே காதில் விழ வேண்டும் என்பதற்காகவே இந்த அமைப்பு. 1932-இல் மரியோ மக்காஃபெர்ரி என்ற இத்தாலியர் செல்மர் கம்பெனிக்காக வடிவமைத்தபோது துளை பெரிதாக, ஆங்கில D எழுத்தைப் போல இருந்தது. அவர் விலகிய பிறகுதான் இந்தச் சின்ன வாயும், 14-ஆம் ஃப்ரெட்டில் (வீணையில் மெட்டு போல) உடலோடு சேரும் நீண்ட கழுத்தும் வந்தன. 1952-இல் செல்மர் கிட்டார் செய்வதையே நிறுத்திவிட்டது. மொத்தம் செய்தது ஆயிரத்தை ஒட்டித்தான். இன்று நாங்கள் எல்லாரும் வைத்திருப்பது அதன் நகல்களை.

ஜிப்சி ஜாஸ் என்ற இந்த இசைக்கு மூலவரான ஜாங்கோவைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1910 ஜனவரி 23 அன்று பெல்ஜியத்தின் லிபர்ஷி ஊரில் பிறந்தவர். மனூஷ் என்ற ஜிப்சிப் பிரிவைச் சேர்ந்த நாடோடிக் குடும்பம். பாரிஸ் ஓரத்தில் வண்டி வீட்டில் வளர்ந்து, சின்ன வயதிலேயே அக்கார்டியன்காரர்களுக்குப் பாஞ்ஜோ வாசித்துச் சம்பாதித்தார். 1928 கடைசியில் வண்டி தீப்பிடித்தது. முதல் மனைவி விற்பதற்காகச் செய்து வைத்திருந்த செல்லுலாய்டு பூக்கள் பற்றிக்கொண்டன. இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருண்டுபோயின. மிச்சமிருந்த இரண்டு விரல்களை வைத்து அவர் மறுபடி கிட்டார் கற்றுக்கொண்டார். 1934-இல் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் க்ராப்பெல்லியோடு சேர்ந்து அமைத்த ஐவர் குழுவில் டிரம்ஸ் கிடையாது. ஒரு வயலின், ஒரு பாஸ், ஜாங்கோ, அவருக்குப் பின்னால் தாளத்துக்கென்றே இரண்டு கிட்டார்கள்.

அந்தப் பின்வரிசைக் கிட்டார்களின் தாளத்தைக் கற்கத்தான் நான் வந்திருக்கிறேன். தங்கியிருப்பது பாரிஸ் புறநகரான லா கூர்னெவில், நண்பன் வீட்டில். யாழ்ப்பாணத்துக் குடும்பம். ராத்திரி சாப்பிடும்போது நண்பனின் அம்மாவுக்கு நான் வந்த காரியத்தை விளக்கினேன். பெட்டியைத் திறந்து ஒரே கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டை, நாலு தரம் அடித்தும் காட்டினேன். “தம்பி, இதைப் படிக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?” என்று கேட்டுவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

வியாழன், சமோரோ

கார் த லியோனிலிருந்து ஃபொந்தேன்ப்ளோ-அவோன் வரை புறநகர் ரயில், முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. அங்கிருந்து வால்வென் பாலம் தாண்டி சேன் நதியின் மறு கரைக்கு நடந்தேன். கிட்டார் பெட்டியோடு நடக்கிற தூரம்தான், ஆனால் வெயில்.

ஜாங்கோ பெயரில் நடக்கும் விழா 1968-இல் சமுவா-சுர்-சேன் கிராமத்தில் தொடங்கியது. 1983-இலிருந்து வருடா வருடம் நடக்கிறது. நதிக்கு நடுவே உள்ள தீவில்தான் வெகு காலம் மேடை போட்டார்கள். 2016-இல் சேன் பெருக்கெடுத்துத் தீவை மூழ்கடித்த பிறகு, விழா ஃபொந்தேன்ப்ளோ அரண்மனைப் பூங்காவுக்குப் போய்விட்டது. பெரிய மேடை, டிக்கெட், பெரிய பெயர்கள் எல்லாம் அங்கே. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கூடுவது இங்கே, சமோரோ கிராமத்து ஆற்றங்கரைக் கூடார முகாமில்.

மாலை ஐந்து மணிக்குள் கூடாரம் அடித்துவிட்டேன். ஆறு மணிக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கிறார்கள், எல்லாம் ஜாங்கோவின் ‘மைனர் ஸ்விங்’ பாட்டு. ஒரு வட்டத்தில் வேகமாக, அடுத்த வட்டத்தில் இன்னும் வேகமாக, கழிவறைக்குப் பின்னால் யாரோ தனியாக. ஜூன் கடைசியில் இங்கே இருட்டவே பத்து மணி தாண்டுகிறது. அதற்கு மேல்தான் நல்ல கைகள் கூடாரத்தைவிட்டு வெளியே வருகின்றன என்று பக்கத்துக் கூடாரத்து டச்சுக்காரர் சொன்னார்.

வட்டத்தில் சேரும் முறையை யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் இருக்கிறது. கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுக்காமல் முதலில் பின்னால் நின்று கேட்க வேண்டும். பாட்டு முடிந்ததும் யாரையாவது பார்த்துத் தலையசைக்க வேண்டும். நாற்காலி காட்டினால் உட்காரலாம். உட்கார்ந்ததும் தாளம்தான், சோலோ இல்லை. ஏற்கெனவே மூன்று பேர் தாளம் அடித்துக்கொண்டிருந்தால் நாலாவதாகச் சேர்வது நாகரிகம் இல்லை, சத்தம் குழம்பிப்போகும். சோலோ வாசிக்கிறவரின் ஒலி நம் காதில் தெளிவாக விழவில்லை என்றால் நாம்தான் ஓங்கி அடிக்கிறோம் என்று பொருள்.

எனக்கு நாற்காலி கிடைத்தபோது மணி பதினொன்றரை. பன்னிரண்டு பாட்டாவது இருக்கும், ஒன்றில்கூட சோலோ கேட்கவில்லை. முன்கை கடுகடுக்கிறது. மற்றதை நாளை எழுதுகிறேன்.

வெள்ளி, சமோரோ

காலையில் முகாமே தூங்குகிறது. விழித்திருந்தது நானும், நேற்று எங்கள் வட்டத்தில் தாளம் அடித்த ஒரு பெரியவரும்தான். அல்சாஸ் பக்கத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர். ஆங்கிலம் கொஞ்சம் வரும், மீதியைக் கிட்டாரிலேயே சொல்லிவிடுவார். நேற்று என் வலது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். காபி கொடுத்துவிட்டு, வாசி என்றார்.

இந்தத் தாளத்தின் பெயர் லா போம்ப். நாலடி. ஒன்றும் மூன்றும் ஒரு வகை, இரண்டும் நான்கும் வேறு வகை. ஒன்றிலும் மூன்றிலும் பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) தடித்த கம்பிகளை மட்டும் தொடும், கார்ட் கொஞ்சம் ஒலித்து நிற்கும். இரண்டிலும் நான்கிலும் எல்லாக் கம்பிகளிலும் ஒரு வெட்டு. வெட்டிய கணமே இடது கை விரல்களைத் தளர்த்திவிட வேண்டும். கம்பியைவிட்டு எடுக்கக் கூடாது, தளர்த்த மட்டும். ஒலி அங்கேயே சாகும். டிரம்ஸ் இல்லாத குழுவில் ஸ்னேர் டிரம்மின் அடி என்பது இந்த வெட்டுதான். ஒன்றுக்கும் மூன்றுக்கும் சற்று முன்னால் ஒரு சின்ன மேலடி, அதாவது பிக் கீழிருந்து மேலே போகும் அடி, வரும். கேட்கிறவருக்கு அது தனியாகத் தெரியக் கூடாது, ஆனால் எடுத்துவிட்டால் பாட்டு நொண்டும். யூட்யூபில் கற்றவர்கள் எல்லாம் இந்த மேலடியைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள், நானும் சேர்த்தே. பெரியவர் அதை முழுதாக நிறுத்தச் சொன்னார். கீழடி நாலும் நேராகும் வரை மேலடி வேண்டாம். நேரானால் கை தானாகவே அதைப் போட்டுக்கொள்ளும் என்றார்.

தாளம் காட்டும் கருவியான மெட்ரோனோமை இரண்டிலும் நான்கிலும் மட்டும் ஒலிக்க வைத்தோம். நிமிடத்துக்கு 100 அடி வேகம். நேற்று ராத்திரி 220-இல் தடையில்லாமல் ஓடிய அதே ‘மைனர் ஸ்விங்’ 100-இல் பல்லை இளித்தது. வேகத்தில் கை தள்ளிக்கொண்டு போய்விடும். மெதுவாகப் போகும்போதுதான் இரண்டு அடிகளுக்கு நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது, அந்த இடத்தில் நான் என்ன செய்கிறேன் என்பதெல்லாம் வெளியே வருகிறது. இரண்டாவது அடி எனக்கு ஒவ்வொரு முறையும் மயிரிழை முந்திக்கொண்டு விழுந்தது. பெரியவர் எதுவும் சொல்லவில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் காபிக் கோப்பையை மேசையில் டக்கென்று வைத்தார்.

இடது கைக்கு அவர் சொன்னது மிகக் குறைவு. ஏ மைனர் சிக்ஸ் என்ற கார்ட்: ஆறாம் கம்பியில் 5-ஆம் ஃப்ரெட், நாலாம் கம்பியில் 4, மூன்றிலும் இரண்டிலும் 5. ஐந்தாம் கம்பியை நடுவிரல் நுனி தொட்டு ஊமையாக்கும், முதல் கம்பி வேண்டாம். இதே வடிவத்தை 10-ஆம் ஃப்ரெட்டுக்குத் தள்ளினால் டி மைனர் சிக்ஸ். திறந்த கம்பியே கிடையாது, அதனால் எந்த இடத்திலும் ஒலியைக் கொல்லலாம். நம் ஊர்க் கிட்டார்க்காரர்களுக்கு ஏ மைனர் என்றால் கழுத்தின் நுனியில் மூன்று விரல், திறந்த கம்பிகள் கணீரென்று ஒலிக்க வேண்டும். அந்தக் கணீர்தான் இங்கே எதிரி.

மதியம் சோலோவுக்கான வலது கை. மணிக்கட்டு வளைந்து, உள்ளங்கை பலகையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். பிக் கம்பியைக் கடந்து கீழே உள்ள அடுத்த கம்பியில் போய் இளைப்பாறும். ரெஸ்ட் ஸ்ட்ரோக் என்பது அதுதான். கை எடையை அப்படியே விழவிடுவதால் ஒலி பெரிதாக வருகிறது, பலம் தேவையில்லை. கூடவே ஒரு கண்டிப்பான விதி: புதிய கம்பிக்கு மாறினால் முதல் அடி கீழடிதான். முந்தைய அடியும் கீழடியாக இருந்தால்? இருந்துவிட்டுப் போகட்டும், மறுபடியும் கீழடி. மேல்-கீழ் என்று மாற்றி மாற்றி அடித்துப் பழகிய கைக்கு இது செருப்பை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு நடப்பது மாதிரி. ஆனால் ஜாங்கோவின் பழைய பதிவுகளில் சொடுக்கு போலக் கேட்கும் அந்த ஒலி வேறு எந்த வழியிலும் வராது என்று இன்றைக்கு எனக்குப் புரிந்துவிட்டது. இருபது வருடம் ஒரு முறையில் அடித்துவிட்டு, ‘என் பாணியிலேயே வாசித்துக்கொள்கிறேன்’ என்று சொல்கிறவர்களின் வாசிப்பு இந்த முகாமில் நாலு கூடாரம் தள்ளிக்கூடக் கேட்பதில்லை.

சாயங்காலம் அரண்மனைக் கச்சேரிக்குப் போனேன். அருமையான கைகள், அருமையான ஒலிபெருக்கி. இடைவேளையிலேயே திரும்பிவிட்டேன்.

சனி, சமுவா-சுர்-சேன்

நதியோரமாக நடந்து ஜாங்கோவின் கிராமத்துக்கு. 1951-இல் இங்கே குடிவந்தார். மீன் பிடித்தார், படம் வரைந்தார், பில்லியர்ட்ஸ் ஆடினார். வாசித்தது எப்போதாவது. அதற்கு முன்னால் 1946-இல் அமெரிக்கா போய் டியூக் எலிங்டனோடு சுற்றிவந்தவர். போர்க்காலத்தில் ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸில், 1940-இல் பதிவான அவருடைய ‘நுவாஜ்’ ஊர் முழுக்க ஒலித்தது. அதே வருடங்களில் அவர் இனத்து மக்களை நாஜிக்கள் முகாம்களில் அடைத்துக் கொன்றுகொண்டிருந்தார்கள். 1943-இல் அவரே சுவிட்சர்லாந்துக்குத் தப்பப் பார்த்தார், எல்லையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இவ்வளவும் பார்த்த மனிதர் கடைசியில் தூண்டிலோடு இந்தக் கரையில் உட்கார்ந்துவிட்டார் என்றால் யார் என்ன சொல்ல முடியும்.

1953 மே 16, ஒரு சனிக்கிழமை. அவோன் ரயிலடியிலிருந்து வந்தவர் மூளையில் ரத்தக்கசிவால் இங்கே சுருண்டு விழுந்தார். ஃபொந்தேன்ப்ளோ மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், உயிர் தங்கவில்லை. வயது 43. கல்லறை கிராமத்து இடுகாட்டில்தான் இருக்கிறது. மேலே நிறைய பிக்குகள் கிடந்தன, நானும் ஒன்று வைத்தேன். மெல்லிய மஞ்சள் பிக், சென்னையில் வாங்கியது. இந்த வாசிப்புக்கு அது உதவாது என்று நேற்றே முடிவாகிவிட்டது.

அந்தக் கல் முன்னால் நின்றபோது மனதில் ஓடியது ஒரு கணக்கு. இரண்டு விரல்களில் வாசிக்கிறவர் குறுக்கே பல கம்பிகளுக்குத் தாவ முடியாது. நெடுக்காக, கழுத்தின் நீளவாக்கில்தான் ஓட முடியும். டிமினிஷ்ட் என்ற கார்டின் ஆர்பெஜியோ, அதாவது அதன் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது, அதற்கென்றே செய்தது போல. மூன்று ஃப்ரெட் தள்ளினால் அதே வடிவத்தில் அதே நாலு சுரங்கள் மறுபடி வரும். நம் கணக்கில் ச, சாதாரண காந்தாரம், பிரதி மத்யமம், சதுஸ்ருதி தைவதம், திரும்பவும் ச. எல்லாம் சம இடைவெளி. ‘மைனர் ஸ்விங்’கில் இ செவன் கார்ட் வரும் இடத்தில் ஜி ஷார்ப்பிலிருந்து இதை ஏற்றிப் பாருங்கள், பாதி ஜாங்கோ அங்கேயே கேட்கும். மீதிப் பாதிக்குத்தான் ஆயுசு போதாது.

ஞாயிறு, சமோரோ

மழை. எல்லாரும் ஒரே பந்தலுக்குள். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், அப்பாவின் மனூஷ் உறவுக்காரர்கள் சூழ, இரண்டு மணி நேரம் தாளம் மட்டும் அடித்தான். வால்ட்ஸ் வந்தால் மூன்றடி, பொலேரோ வந்தால் அதற்கொரு அடி, யாரும் அவனுக்குப் பெயரோ சுருதியோ சொல்லவில்லை. ‘லெ ஜூ நுவார்’ டி மைனர், ‘ஆல் ஆஃப் மீ’ சி மேஜர், ‘கோக்கெட்’ டி மேஜர், எல்லாம் காதில் இருக்கிறது. சுரத்தாள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஜாங்கோவுக்கும் அதை வாசிக்கத் தெரியாது. கடைசியில் மாமா ஒருவர் கண்ணைக் காட்ட, பையன் ஒரே ஒரு சுற்று சோலோ வாசித்தான். பந்தலில் இருந்த பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள், அவ்வளவு சுத்தம்.

எனக்கும் இன்று சோலோ கிடைத்தது. ‘மைனர் ஸ்விங்’, வேறென்ன. அதில் பதினாறு பார்கள் (நாலடி கொண்டது ஒரு பார்): ஏ மைனர் இரண்டு, டி மைனர் இரண்டு, இ செவன் இரண்டு, மறுபடி ஏ மைனர் இரண்டு, பிறகு டி மைனர், ஏ மைனர் இரண்டிரண்டு, கடைசி நாலில் பி ஃப்ளாட் செவன், இ செவன், ஏ மைனருக்கு வீடு திரும்பல். எட்டாவது பார் வரை ஆர்பெஜியோ சுரங்களை மட்டும் வாசித்தேன். கார்ட் மாறும்போது அந்தக் கார்டின் சுரத்தில் கால் வைத்தால் போதும், வித்தை தேவையில்லை என்று அல்சாஸ் பெரியவர் சொல்லியிருந்தார். இரண்டாம் பாதியில் ஆசைப்பட்டு ஒரு நீண்ட டிமினிஷ்ட் ஓட்டம். அது போய் முடிந்த இடத்தில் எந்தக் கார்ட் இருந்ததோ தெரியாது. பாஸ்காரர் மட்டும் புருவத்தை உயர்த்தினார். பின்னால் அந்தப் பன்னிரண்டு வயது போம்ப் துளிகூட அசையவில்லை. அப்படி ஒரு தாளம் பின்னால் இருந்தால் யாரும் கீழே விழமாட்டார்கள்.

திங்கள், சேந்த்-ஊவாங்

பாரிஸின் வடக்கு எல்லையில் பழம்பொருள் சந்தை. சனி, ஞாயிறு, திங்களில் கூடும். இந்தப் பகுதியின் பழைய குடிசை வெளிகளில்தான் ஒரு காலத்தில் நாடோடி வண்டிகள் நின்றன. சந்தைக்குள் லா ஷோப் தெ ப்யூஸ் என்ற கஃபே இந்த இசைக்குப் பெயர்போனது. மேசைகள் நெருக்கம், காபி விலை அதிகம். பழைய கிட்டார் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன், விலைச் சீட்டைப் பார்த்ததும் கை தானாகப் பின்வாங்கியது.

வாங்கியவை: 3.5 மில்லிமீட்டர் பிக் இரண்டு, வெகென் என்ற டச்சுக்காரர் செய்பவை. அந்தக் காலத்தில் ஆமை ஓட்டில் செய்வார்கள், இப்போது அந்த வணிகத்துக்குத் தடை, இவை செயற்கைப் பொருள். கையில் பிடித்தால் பட்டன் மாதிரி இருக்கிறது. வளையவே வளையாது, அதனால்தான் கை எடை முழுதும் கம்பிக்குப் போகிறது. ஆர்ஜென்டீன் கம்பிகள் நாலு செட், 10 அளவு. வாங்குகிறவர்கள் கவனிக்க: நுனியில் வளையம் வைத்தது, உருண்டை வைத்தது என்று இரண்டு வகை உண்டு. உங்கள் கிட்டாரின் அடித்தகட்டில் எது மாட்டும் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். சென்னையில் இவை கடையில் கேட்டதும் கிடைக்கிற சரக்கு இல்லை.

ராத்திரி விமானம். பிரிட்ஜ் ஒட்டாத கிட்டாரில் கம்பிகளை மொத்தமாகத் தளர்த்தினால் அது நகர்ந்துவிடும். அப்புறம் 12-ஆம் ஃப்ரெட்டில் சுருதி சேராது. பிரிட்ஜின் இரு காலடியிலும் மெல்லிய பென்சில் கோடு போட்டுக்கொண்டேன். கம்பிகளை ஒன்றரை சுருதி மட்டும் இறக்கி, அடித்தகட்டுக்குக் கீழே ஒரு துணியை மடித்து வைத்தாயிற்று. பெட்டியை மூடும் முன் நண்பனின் அம்மா வந்து, அந்த ஒரே கார்டை இன்னொரு தரம் அடிக்கச் சொன்னார். இறக்கிய கம்பியில் அது ஏ மைனரும் இல்லை, எதுவும் இல்லை. இரண்டிலும் நான்கிலும் அவர் கை தட்டினார், சரியான இடத்தில்.